முகப்பை விடுங்கள், டேப்போடு பின்பக்கம் வாருங்கள்

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் பிளானைத் திருப்பியனுப்பி மாநகர சபை எழுதிய கடிதத்தை நேற்றிலிருந்து ஆளாளுக்குப் பகிர்கிறீர்கள். பாதிப் பேர் கைதட்டியும் விட்டீர்கள். தொடர்மாடியின் முகப்பு "சுற்றாடலோடு ஒத்துப்போகவில்லை"யாம், பால்கனிக் கம்பியையும் நிறத்தையும் மாற்றிவிட்டுத் திரும்பக் கொண்டுவரட்டுமாம். இரண்டு பக்கக் கடிதம். பின்பக்கத் திறந்தவெளியைப் பற்றி அதில் ஒரு கேள்வி இல்லை.

நான் சொல்வது இவ்வளவுதான். முகப்பைக் கட்டுகிறவர் பார்த்துக்கொள்வார். சபைக்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போகட்டும்.

விதி இல்லாமல் இல்லை. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்திலேயே 63½ பாகைக் கணக்கு இருக்கிறது. திறந்தவெளியின் கடைசி ஓரத்தில் தரையிலிருந்து அந்தக் கோணத்தில் ஒரு கோடு இழுத்தால், கட்டடம் அதைத் தாண்டக்கூடாது. அதாவது 10 அடி வெளி விட்டால் 20 அடி உயரம். வெயிலும் காற்றும் கீழ்வீட்டுக்குக் கிடைக்கட்டும் என்று நூறு வருசத்துக்கு முன்னமே யோசித்திருக்கிறார்கள். இப்போது காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் ஏதாவதொரு ஒழுங்கையில் இறங்கி அண்ணாந்து பாருங்கள்.

யன்னலுக்கும் கணக்கு உண்டு. அறையின் தரைப்பரப்பில் ஏழில் ஒரு பங்கு, அதில் பாதியாவது திறக்கவேண்டும். 10க்கு 10 அறைக்கு 4க்கு 4 யன்னல் வைத்தால் 16 சதுர அடி. சிலைடிங் யன்னலில் பாதிதான் திறக்கும், அதுவும் 8 வருகிறது. பிளான் பாஸ். ஆனால் அந்த யன்னல் எதைப் பார்த்துத் திறக்கிறது? பக்கத்துக் கட்டடத்தின் சுவரை, அல்லது வெளிச்சத்துக்கென்று மேலிருந்து கீழ்வரை நாலடிச் சதுரத்தில் விட்ட லைட் வெல்லை. அந்த லைட் வெல்லுக்குள்தான் எல்லா மாடிக் கக்கூசுக் குழாயும் இறங்குகிறது. ஒரு ஜொயின்ட் கசிந்தால் ஏணி வைக்க இடமில்லை. எனக்குத் தெரிந்த ரீச்சர் ஒருவர் வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கிறார். பகல் பதினொரு மணிக்குக் குசினியில் லைட் போட்டுத்தான் அரிசி களைகிறார். அந்தக் கட்டடத்தின் முகப்பு நல்ல அழகு, சும்மா சொல்லக்கூடாது.

கட்டி முடித்தது பிளான்படிதான் என்று சபை கொடுக்கிற இணக்கச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு நடக்கிற கூத்து வேறு. பின்பக்கத்துக்கு முதலில் தகரம் ஏறும். அதற்குக் கீழே ஜெனரேற்றர், தண்ணீர்ப் பம்ப், காஸ் சிலிண்டர். மேலே சுவர் நெடுக ஏசிப் பெட்டிகள். அது கக்குகிற சூடு மேல்மாடிக்கு ஏற, அவர்கள் யன்னலை மூடிவிட்டுத் தாங்களும் ஏசி வாங்குவார்கள். வாகனத் தரிப்பிடம் படத்தில் 2.4க்கு 4.8 மீற்றர் என்று பெட்டி பெட்டியாக இருக்கும். நடுவில் தூண், திருப்ப இடமில்லை. கார்கள் ஒழுங்கைக்கு வரும். பிறகு தீயணைப்பு வண்டி எப்படி உள்ளே வரும் என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் இல்லை.

அழகு என்று இவர்கள் கேட்பதுதான் எது? கண்ணாடியும் அலுமினியக் கொம்போசிற் தகடும். மேற்கே கடல் இருக்கிற ஊரில் மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்தால் பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு அந்த அறையில் இருந்து பார்க்கட்டும். கோடு நேராகத் தெரியவேண்டுமென்று சன்ஷேட்டை வெட்டினால் தென்மேற்குப் பருவமழை நேராக யன்னல் இடுக்குக்குள். மலிவான தகட்டில் இரண்டு அலுமினியத் தாளுக்கு நடுவில் இருப்பது பொலிஎத்திலீன், வெறும் பிளாஸ்ரிக். 2017இல் லண்டன் கிரென்ஃபெல் தொடர்மாடியில் 72 பேர் செத்தது அப்படிப்பட்ட தகட்டில் தீ ஏறித்தான். அதையும் பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கும்போதுதான் ஒட்டினார்கள்.

"காலிக் கோட்டையில் கட்டுப்பாடு இருப்பதால்தானே அழகாக இருக்கிறது?" சரி, ஒத்துக்கொள்கிறேன். அது 1988இலிருந்து உலக மரபுரிமை. அங்கே ஓட்டுக்கூரையையும் தாழ்வாரத்தையும் காப்பாற்ற வேண்டும். நம்முடைய ஒழுங்கையில் எதைக் காப்பாற்றப் போகிறீர்கள், லாம்ப் போஸ்ற்றையா?

"சபையில் ஆள் போதாது." முகப்புக்கு இரண்டு பக்கம் எழுத ஆள் இருந்ததே! அந்த ஆளை, சான்றிதழ் கொடுத்து ஒரு வருசம் கழித்து ஒரு தடவை கட்டடத்துக்கு அனுப்பினால் தகரமும் தெரியும், பம்பும் தெரியும்.

இனி, அந்தக் கடிதத்துக்குக் கீழே "வெள்ளவத்தை ரேஸ்ற் இதுதான்" என்று எழுதிச் சிரித்தவர்களுக்கு. அந்தக் கம்பி அலங்காரத்துக்குப் போட்டதில்லை. ஐந்தாம் மாடியில் பிள்ளை எட்டிப் பார்க்கும் என்ற பயத்துக்குப் போட்டது, கள்ளனுக்குப் போட்டது, கலவர இரவுகளை நினைத்தும் போட்டது. ஊரில் காணியை விற்று, கனடாவிலிருந்து தம்பி அனுப்பிய காசையும் சேர்த்து இரண்டு அறை வாங்கியவர் வாசலுக்கு மேலே ஒரு பிள்ளையார் மாடம் வைத்தால், சுவருக்கு ரோஸ் நிறம் அடித்தால், எந்தச் சுற்றாடல் கெட்டுவிட்டது? பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியில் நிற்கிற கட்டடத்தை யாரும் இப்படிக் கேட்டதாகக் காணவில்லை. ரசனை தெரியாதவர்கள் என்று எங்களுக்குச் சொல்ல எல்லோருக்கும் வாய் இருக்கிறது. குழாய் கசிகிறது என்று போய் நின்றால்தான் "அது தனியார் விடயம்".

கொமென்டில் "சிங்கப்பூரைப் பாருங்கள்" என்று எழுத வருகிறவர்கள் முதலில் தங்கள் கட்டடத்தின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். பிறகு பேசுவோம்.