பிளக்-இன் ஹைபிரிட்: வரிப் படிவத்துக்குச் செய்த கார்

"பற்றரியும் இருக்கு, பெற்றோலும் இருக்கு, பிறகென்ன பயம் மச்சான்?" லண்டனில் பிளக்-இன் ஹைபிரிட் (வயர் சொருகிச் சார்ஜ் ஏற்றவும் பெற்றோலில் ஓடவும் கூடிய கார்) வாங்கும் எங்கட ஆட்களில் பாதிப்பேர் சொல்வது இதைத்தான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: வீட்டு வாசலில் கார் நிறுத்தச் சொந்த இடம் இருக்கா?

இல்லையென்றால் கணக்கு உதைக்கும். வீட்டு மின்சாரத்துக்கு வற் வரி 5 வீதம், தெருச் சார்ஜருக்கு 20 வீதம். எங்கள் தெரு விளக்குக் கம்பத்துச் சார்ஜரில் யூனிட் 50 பென்ஸைத் தாண்டிவிட்டது. யூனிட்டுக்கு 3 மைல் ஓடினால் மைலுக்கு 17 பென்ஸ். பெற்றோலில் ஓடினாலும் ஏறக்குறைய அதே காசுதான். பிறகு யார் மழைக்குள் நின்று கேபிள் இழுப்பது?

கம்பனிக் கார் வைத்திருப்பவருக்கு அந்தக் கவலையே இல்லை. பெற்றோல் அட்டை கம்பனியுடையது, கரண்ட் பில் அவருடையது. 2018இல் இங்கே செய்தியே வந்தது: திரும்பி வந்த கம்பனிக் கார்கள் சிலவற்றில் சார்ஜ் கேபிள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே கிடந்ததாம். ஆனால் வரிச்சலுகை மட்டும் ஒழுங்காகக் கிடைத்திருக்கும், ஏனென்றால் கம்பனிக் கார் வரி காகிதத்தில், அதாவது ஆய்வுகூடச் சோதனையில், உள்ள கார்பன் அளவுக்குத்தான். மிற்சுபிஷி அவுட்லாண்டர் 2014இல் இங்கே வந்தபோது காகிதத்தில் கலனுக்கு 148 மைல்! பற்றரி இறங்கியபின் மோட்டர்வேயில் 40ஐக் கண்டாலே பெரிய காரியம். தினமும் சார்ஜ் ஏற்றுவார்கள் என்று நம்பிப் போட்ட கணக்கு அது. 2021இல் பதிவான கார்களின் உண்மையான எரிபொருள் தரவை ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்டது. பிளக்-இன் ஹைபிரிட்டுகள் விட்ட புகை, காகிதத்தில் சொன்னதைப்போல மூன்றரை மடங்கு.

ஓட்டுகிற அனுபவத்துக்கு வருவோம். மாசிக் குளிரில் ஹீற்றரைப் போட்டால், பற்றரி நிறைந்திருந்தாலும் சில மொடல்களில் இஞ்சின் எழும்பிவிடும். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கும் தூரத்துக்குள் அது சூடாகவும் மாட்டாது. குளிர்ந்த இஞ்சினைத் தினமும் இப்படிப் போட்டு நிறுத்துவதைப்போல அதற்குக் கெடுதல் வேறில்லை. சின்னப் பற்றரி வேறு. பெரிய மின்சாரக் கார் வாரத்தில் ஓரிரு தடவை நிரம்பி இறங்கினால், இது நாள்தோறும் நிரம்பி இறங்குகிறது.

சேர்விஸ் இரட்டைச் செலவு. எண்ணெய், ஸ்பார்க் பிளக், எக்ஸோஸ்ற் எதுவும் குறையவில்லை. மேலே பற்றரி, மோட்டார், இன்வேர்ட்டர். எங்கள் பக்கத்துக் கராஜ்காரர் பொனற்றைத் திறந்து தோடம்பழ நிற உயர் அழுத்த மின் வயர்களைக் கண்டதும், "அண்ணை, இதில நான் கை வைக்கமாட்டன்" என்று மூடிவிட்டார். உள்ளதைச் சொன்னார், அவரில் பிழையில்லை. பல மொடல்களில் டிக்கி தரைக்குக் கீழே ஸ்பெயார் வீலும் கிடையாது.

சொந்த வாசல், மலிவான இரவுக் கட்டணம், போய்வர 20 மைல் வேலை. இந்த மூன்றும் உள்ளவர் தாராளமாக வாங்கலாம். அவருக்கு முழு மின்சாரக் காரே போதும் என்பது என் எண்ணம்.

வரிக்காக வாங்குகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அரசு மானியம் 2018இலேயே போய்விட்டது. லண்டன் நெரிசல் கட்டண விலக்கு 2021இல் போனது. 2028 ஏப்ரலிலிருந்து பிளக்-இன் ஹைபிரிட்டுக்கு மைலுக்கு 1.5 பென்ஸ் வரி என்று 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தாயிற்று. பெற்றோலில் ஓடிய மைலுக்கும் சேர்த்துத்தான்.