முகத்தைக் காட்டுங்கய்யா

பாடிக்கொண்டே சிரிக்க வைப்பவரின் மேடை நிகழ்ச்சியைப் படமாக எடுக்கிறவர்களுக்கு ஒரே வேலைதான்: அந்த ஆளின் முகத்தைக் காட்டுவது. அதை மட்டும் செய்ய மாட்டேன் என்கிறார்கள். பாளையங்கோட்டையில் அத்தை வீட்டு டிவியில் அப்படி ஒன்றைப் பார்த்தோம். பல்லவியை இழுத்து நிறுத்திப் புருவத்தைத் தூக்கினார். அடுத்த சொல்லில்தான் சிரிப்பு. சரியாக அங்கே வெட்டி, முன்வரிசை சோபாவில் வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்த பெரிய மனுஷனைக் காட்டினார்கள். திரும்பி வந்தால் கைதட்டல். "ஏல, அவரு என்னதாம்ல சொன்னாரு?" என்றாள் அத்தை. யாருக்குத் தெரியும்? அப்புறம் ட்ரோன். ஊரே தெரிகிறது, பாடுகிறவர் தெரியவில்லை.

சத்தம் அதைவிடக் கொடுமை. மேடை மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்ஸரிலிருந்து நேராக எடுத்துவிடுகிறார்கள். கூட்டத்தைப் பார்த்துத் தனி மைக் வைத்தால்தானே சிரிப்பு பதிவாகும்? வைப்பதில்லை. பிறகு எங்கிருந்தோ ஒரு சிரிப்பைக் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள்.

நம் பக்கத்துக் கோயில் கொடைவிழாவில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்குத் தெரியும். புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டி ஒரு வரியைத் தொங்கவிடுவார். பக்கத்திலிருப்பவர் 'ஆமா' என்று இழுப்பார். பாதி நகைச்சுவை அந்த 'ஆமா'வில்தான். என்.எஸ்.கிருஷ்ணனே வில்லுப்பாட்டிலிருந்து வந்தவர்தானே! இரண்டு பேரையும் சேர்த்துக் காட்டாமல், குடத்தின் மேல் ஒட்டிய பொட்டை நெருக்கத்தில் காட்டி என்ன பயன்?

இத்தனை கேமராவில் ஒன்றையாவது அசைக்காமல் அந்த ஆள் மேலேயே விட்டிருக்கலாம். இந்த லட்சணத்தில், கடைசியில் எடிட்டர் பெயர்தான் பெரிய எழுத்தில் ஓடுகிறது. அதுவும் ட்ரோன் காட்சி மேல்.