தெரேசின் ஓவியங்களுக்கு 'நம்பிக்கை' என்று தலைப்பு போடாதீர்கள்

ஜனவரி 27, யூத இனப்படுகொலை நினைவு நாள், வந்தால் தெரேசின் முகாமில் குழந்தைகள் வரைந்த பூவும் வீடும் டைம்லைன் முழுக்கச் சுற்றும். கூடவே 'கலைக்குச் சாவில்லை' என்று ஒரு வரி. எனக்கு எரிச்சல்தான் வரும். குழந்தைகள் மேல் இல்லை, அந்த வரியின் மேல்.

செக் நாட்டில் இருக்கும் தெரேசின், நாஜிகள் 1941 நவம்பரில் தொடங்கிய இடைத்தங்கல் முகாம். ஏறத்தாழ 1,40,000 யூதர்களை அங்கே கொண்டுவந்தார்கள். பசியிலும் நோயிலும் சுமார் 33,000 பேர் அங்கேயே செத்தார்கள். 88,000 பேர்வரை ஆஷ்விட்ஸ், ட்ரெப்லிங்கா போன்ற கொலை முகாம்களுக்கு ரயிலேற்றப்பட்டார்கள்.

அந்த முகாமில் ஒரு வரைபட அலுவலகம் இருந்தது. பொறுப்பாளர் பெட்ரிக் ஃப்ரிட்டா. அவரும் கைதிதான். நாஜிகள் கேட்கும் கட்டட வரைபடமும் புள்ளிவிவரப் படமும் போட்டுத் தருவது வேலை. அந்த அலுவலகத் தாளையும் மையையும் எடுத்து, ஃப்ரிட்டாவும் லியோ ஹாஸ், ஓட்டோ உங்கர், ஃபெர்டினாண்ட் ப்ளோக் ஆகியோரும் கண்ணால் பார்த்ததை ரகசியமாக வரைந்தார்கள். சூப்புக்கு வரிசையில் நிற்கும் கிழவர்கள், ரொட்டி ஏற்றிப் போகும் சவ வண்டி (ஆமாம், முகாமில் எல்லாவற்றுக்கும் அந்த வண்டிதான்).

1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கக் குழு பார்வையிட வந்தது. அதற்காகச் சுவருக்கு வண்ணம் அடித்து, பூச்செடி நட்டு, பொய்க் கடைகள் வைத்தார்கள். கூட்டம் குறைவாகத் தெரிய வேண்டும் என்று மே மாதம் சுமார் 7,500 பேரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். செஞ்சிலுவைப் பிரதிநிதி நல்லபடியாகவே அறிக்கை எழுதினார். ஃப்ரிட்டாவோ அந்த முகப்புகளை நாடக மேடை செட் போல வரைந்து வைத்தார்.

ஜூலை 17 அன்று அந்த நால்வரையும் விசாரித்தவர்களில், யூதர்களை முகாம்களுக்கு நாடுகடத்துவதை நடத்திய நாஜி அதிகாரி ஐக்மானும் ஒருவர். குற்றச்சாட்டு: 'கொடூரப் பிரசாரம்', அதாவது முகாமைக் கொடூரமாகக் காட்டும் படங்களை வரைந்தது. குடும்பத்தோடு, தெரேசினிலேயே இருந்த சிறுகோட்டை என்ற கெஸ்டபோ (நாஜி ரகசியப் போலீஸ்) சிறையில் அடைத்தார்கள். ப்ளோக் அங்கேயே கொல்லப்பட்டார். உங்கரின் வரையும் கையை நசுக்கினார்கள். ஃப்ரிட்டா ஆஷ்விட்ஸில் இறந்தார். அந்தத் தாள்கள் சாட்சியம் என்பது கொலைகாரர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. நாம்தான் அவற்றை ஆறுதல் அட்டையாக்கி வைத்திருக்கிறோம்.

குழந்தைகளுக்குப் படம் வரையச் சொல்லித் தந்தவர் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் படித்த ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ். படத்தில் பெயர் எழுதச் சொல்வது அவர் வழக்கம். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அந்தப் படங்கள் இரண்டு சூட்கேஸ்களில் தப்பின. ஃப்ரீடலும் பெரும்பாலான குழந்தைகளும் தப்பவில்லை. அந்தப் பெயரை வெட்டிவிட்டுப் பூவை மட்டும் பகிர்கிறவர்களை என்ன சொல்ல?

ஃப்ரிட்டா தன் மகன் டொம்மியின் மூன்றாவது பிறந்தநாளுக்கு வண்ணப் படப் புத்தகம் ஒன்று வரைந்தாரே, அது நம்பிக்கை இல்லையா என்று கேட்கலாம். சரி, இருக்கட்டும். அது அப்பா பிள்ளைக்குக் கொடுத்தது. மற்றவற்றைத் தகரப் பெட்டியில் வைத்து மண்ணில் புதைத்தது நாம் பார்க்கத்தான். உயிர் பிழைத்த ஹாஸ் திரும்பி வந்து மறைத்து வைத்ததையெல்லாம் மீட்டார், டொம்மியையும் தத்தெடுத்தார். பெர்லின் யூத அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் ஃப்ரிட்டாவின் படங்கள் கிடைக்கின்றன. பகிர்வதானால் அந்த மேடை செட் படத்தைப் பகிருங்கள், யார் வரைந்தது என்பதோடு.