88 மைல் வேகம், 85 வரைக்கும் மீட்டர்

(மெக்கானிக் முருகேசன் கடை. பாலு வருகிறான்.)

பாலு: அண்ணே, 'பேக் டு த ஃப்யூச்சர்' படத்துல வர்ற டெலோரியன் கார் ஒண்ணு வாங்கினா பாத்துக்குவீங்களா?

முருகேசன்: கதவு மேல பாத்துத் தொறக்குமே, அதுவா? பெல்ஃபாஸ்ட் பக்கத்துல மொத்தமே சுமார் 9,000 வண்டிதான் போட்டான். 1985ல படம் வர்றதுக்குள்ள கம்பெனிக்கு ஷட்டர் இறக்கியாச்சு.

பாலு: படத்துல மணிக்கு 88 மைல் தொட்டா காலத்தையே தாண்டுமே!

முருகேசன்: தொட்டது எப்படிறா தெரியும்? கம்பெனி மீட்டர் 85லயே முடிஞ்சிரும். அப்ப அமெரிக்காவுல சட்டம் அப்படி. படத்துக்காக மீட்டரை மாத்தினாங்க.

பாலு: ஆனா அந்த உறுமல்...

முருகேசன்: அது போர்ஷே 928ங்கிற வேற காரோட சத்தம். டப்பிங்! இதுல இருக்கிறது 2.85 லிட்டர் வி6 இன்ஜின், வெறும் 130 குதிரைத் திறன்.

பாலு: பிறகு ஏன் இந்த வண்டி?

முருகேசன்: மொதல்ல டைம் மெஷினா எழுதினது ஃப்ரிட்ஜ். பிள்ளைங்க பாத்துட்டு வீட்டு ஃப்ரிட்ஜுக்குள்ள ஏறிக்குமேன்னு டைரக்டர் ஜெமெக்கிஸுக்குப் பயம். அதான் காரா மாத்தினாங்க. இந்த வண்டி 1955க்குப் போனதும் கொட்டகையில முட்டி நிக்குதே, வேற்றுக்கிரக ஆளுன்னு விவசாயி குடும்பமே அலறுதே? சாதாக் கதவா இருந்தா அந்த சீனே எடுபடாது.

பாலு: கதவு தொந்தரவு தருமா?

முருகேசன்: கூரையில டார்ஷன் பார்னு ஒரு முறுக்குக் கம்பி தூக்கும், கேஸ் ஷாக் தாங்கும். ஷாக்ல கேஸ் இறங்கிருச்சுன்னா, நீ குனிஞ்சு இறங்குற நேரம் பாத்து மண்டையில உக்காரும். ஷாக்கை ஜோடியா மாத்து. பாரை மட்டும் நோண்டாதே, முறுக்கேத்தி வெச்சிருக்கு, கை போயிரும்.

பாலு: பெயிண்ட் என்ன கலர் அடிக்கலாம்?

முருகேசன்: பெயிண்டா? வெறும் எவர்சில்வர்டா அது. கீறல் விழுந்தா பாத்திரம் தேய்க்கிற பச்சை நார் போதும். தகட்டுல கோடு ஓடுற பக்கமே நேரா இழுக்கணும். வட்டமாத் தேய்ச்சேன்னா வெயில்ல காட்டிக் கொடுத்துரும். நெளிஞ்சா இன்னும் வம்பு, பட்டி போட்டு மறைக்க முடியாது. தட்டித்தான் நிமித்தணும்.

பாலு: இவ்வளவு வில்லங்கத்துக்கா உலகம் பூரா ரசிகருங்க?

முருகேசன்: வில்லங்கம்தான்டா ருசியே! மத்தப் படத்து விண்கலத்தை நம்மால தொட முடியுமா? இதை ஸ்பானர் போட்டுக் கழட்டலாம். படத்துல மின்னல் விழப் போகுது, வண்டி ஸ்டார்ட் ஆகல. ஹீரோ தலையால ஸ்டீயரிங்ல ஒரு முட்டு முட்டினதும் கிளம்புது. வண்டி வெச்சிருக்கிறவன் எவன் அதைப் பாத்துச் சிரிக்க மாட்டான்? அதான் இன்னமும் தேடி வாங்கி, சீட்டுக்குப் பின்னாடி படத்துல காலம் தாண்ட வைக்கிற அந்த ஒய் வடிவ ஃப்ளக்ஸ் கெப்பாசிட்டரை மாட்டிட்டு அலையுறாங்க.

பாலு: சரி, காலம் தாண்ட படத்துல கேக்குமே, அந்த 1.21 ஜிகாவாட் கரண்டுக்கு?

முருகேசன்: 121 கோடி வாட்டு. மின்னலை நீ ஏற்பாடு பண்ணிரு. லேபர் தனி.