கொழும்பில் ஆள் இல்லாவிட்டாலும் பயிற்சி கிடைக்கும்

"கொழும்பில் சொந்தக்காரர் இல்லாத தோட்டத்துப் பிள்ளைக்கு வங்கியிலோ கணக்காய்வு நிறுவனத்திலோ பயிற்சி கிடைக்காது, விண்ணப்பிப்பதே வீண்" என்று நீங்கள் எழுதியிருப்பது சரியில்லை, தம்பி. சில இடங்களில் சிபாரிசு ஓடுவது உண்மைதான். ஆனால் அது ஒன்றுதான் வழி என்று சொல்லிப் பிள்ளைகளின் மனதை உடைக்காதீர்கள்.

பட்டயக் கணக்காளர் ஆவதற்கு மேற்பார்வையின் கீழ் செய்முறைப் பயிற்சி கட்டாயம். அதனால் கணக்காய்வு நிறுவனங்களுக்குப் பயிலுநர்கள் எப்போதும் தேவை. கண்டியிலும் அப்படி நிறுவனங்கள் உண்டு. சின்ன இடம் என்று ஒதுக்காதீர்கள். வவுச்சர் (கொடுப்பனவுச் சீட்டு) சரிபார்ப்பதிலிருந்து, நிறுவனத்தின் காசேட்டையும் வங்கிக் கூற்றையும் ஒப்பிடும் வங்கிக் கணக்கிணக்கக் கூற்று வரை வேலைகளைச் சீக்கிரமே கையில் தருவார்கள். பேராதனை, ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழக மாணவர்கள் பீடத்திலும் தொழில் வழிகாட்டல் பிரிவிலும் பயிற்சிக் கடிதம் கேளுங்கள்.

சுயவிவரக் கோவையில், உங்களைப் பற்றிச் சொல்லக்கூடிய "உறவினரல்லாத இருவர்" பெயரைக் கேட்கும் இடத்தில்தான் பலர் தடுமாறி, தோட்டத் துரை பெயரையோ அரசியல்வாதி பெயரையோ தேடி அலைகிறார்கள். தேவையே இல்லை. விரிவுரையாளர் ஒருவர், உயர்தரத்தில் கணக்கீடு படிப்பித்த ஆசிரியர் ஒருவர் போதும். அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போடுங்கள். ஒரு கிழமைக்குள் பதில் வராவிட்டால், அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து மரியாதையாக விசாரியுங்கள்.