இந்தியா வரம்புக்குள் வாழ்கிறதா?

மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி: ‘இந்தியரின் சூழலியல் தடம் உலகச் சராசரியில் பாதிகூட இல்லை. நாம் குறைக்க எதுவுமில்லை.’

சூழலியல் தடம் என்பது நாம் பயன்படுத்தும் வளங்களுக்குத் தேவைப்படும் நிலம், நீர்ப் பரப்பு. செய்தியின் முதல் வாக்கியம் சரி, இரண்டாவது தவறு. வரம்பைச் சொல்வது நாட்டின் உயிர்வளத் திறன், அதாவது அதன் மண்ணும் நீரும் புதுப்பித்துத் தரக்கூடிய அளவு. ஓர் இந்தியரின் தடம் சுமார் 1.2 உலக ஹெக்டேர் (உலகச் சராசரி விளைதிறன் கொண்ட ஒரு ஹெக்டேரே உலக ஹெக்டேர்). நம் மண்ணும் நீரும் ஆளுக்குப் புதுப்பித்துத் தருவது அரை உலக ஹெக்டேருக்கும் குறைவு. வரவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் செலவு! நாம் வெளியிடும் கரியமில வாயுவை உறிஞ்சத் தேவையான காட்டுப் பரப்பும் இந்தத் தடத்தில் அடக்கம்.

மேலும், சராசரி என்பது அண்ணா நகரில் அறைக்கொரு ஏசி ஓடும் வீட்டையும் உசிலம்பட்டி மானாவாரிக் குடும்பத்தையும் கூட்டி வகுத்தது. செய்தியை அனுப்புவோர் எந்த வகை என்பதை ஊகிக்கலாம். அவர்கள் முதலில் பார்க்க வேண்டியவை மின்கட்டணமும் பெட்ரோல் செலவும். மஞ்சப்பை அதற்குப் பிறகுதான்.