அளந்து போட ஓர் ஆள்

போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரிலிருந்து கூடப் படித்தவன் ஒருவன் போன் செய்தான். ஊரில் நாங்கள் நடத்தும் மாலை நேரப் படிப்பு மையங்களின் படங்களை இங்கே முகநூலில் பார்த்திருக்கிறான். ஒரு லட்சம் தருகிறேன் என்றான். நான் முதலில் கேட்டது, "டேய், நீ இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தானே வச்சிருக்க?" என்று. காசு தர்றேன்னு சொல்றவன்கிட்ட பாஸ்போர்ட் கேக்குற ஆளு நீ ஒருத்தன்தான்டா என்று சிரித்தான். என்ன செய்ய? வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு எங்களுக்குக் கிடையாது. இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் சம்பாதித்த காசைத் தன் கணக்கிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவனே நாளைக்கு அந்த ஊர்க் குடியுரிமை வாங்கிவிட்டால் ஆகிவிடும். அப்புறம் அவனிடமிருந்து ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது.

சரி, பாஸ்போர்ட் விஷயம் முடிந்தது. அடுத்து அவன் கேட்டான்: "முழுப் பணமும் பிள்ளைங்களுக்குத்தானே போகும்? சம்பளம் கிம்பளம்னு நீங்க எதுவும் எடுத்துக்க மாட்டீங்கல்ல?"

"எடுப்போம்டா" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டான்.

அவன் மேல் கோபமில்லை. இருபது வருடமாகக் கல்யாண வீடு, கருமாதி வீடு என்று எங்கே போனாலும் இதே கேள்விதான். என் அக்கா வீட்டுக்காரர் இன்னும் நேரடியாகவே கேட்பார்: "சேவைன்னு சொல்ற, சம்பளமும் வாங்குற, அதெப்படி மாப்ள?" தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்ற பழமொழியை நான் பெற்றோரிடம் கேட்டதைவிட இவர்களிடம் கேட்டதுதான் அதிகம். இந்தச் சந்தேகம் எங்கள் வேலையை என்ன பாடு படுத்துகிறது என்பதை ஒரு தடவையாவது முழுசாக எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும்.

நான் இந்த வேலைக்கு வந்தது சுனாமியால். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு வராத தொண்டு நிறுவனம் இல்லை. கலெக்டர் அலுவலகத்தில் அவர்களை ஒருங்கிணைப்பதற்கென்றே தனியாக ஒரு மையம் திறக்க வேண்டியிருந்தது. சாலையோரமெல்லாம் பழைய துணி மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கிடந்தது. யாரோ கட்டிக் கழித்த சேலையைக் கடலோர ஜனம் தொடவில்லை. கடலோடு போனதைவிடக் கூடுதலாகப் படகு கொடுத்துவிட்டார்கள் என்ற பேச்சு பின்னாளில் வந்தது. அந்தக் கூட்டத்தில் டிகிரி முடித்து, சைக்கிள் ஓட்டத் தெரிந்து, குப்பத்து ஜனத்தோடு பேசத் தெரிந்த பையன் எவனாக இருந்தாலும் வேலை இருந்தது. எனக்கும் ஒரு நிறுவனத்தில் கிடைத்தது. பெயர் வேண்டாம், அது இப்போது இல்லை.

முதல் மாதச் சம்பளம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அக்கவுண்ட்ஸ் அறையில் நீளமான நோட்டு. என் பெயருக்கு நேரே ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருந்தது, பசை காயவில்லை. 6,500 என்று எழுதியிருந்த இடத்தில், ஸ்டாம்பின் குறுக்கே, கையெழுத்துப் போட்டேன். கவரை வாங்கிக்கொண்டு வெளியே வந்து எண்ணினால் 4,500. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பி உள்ளே போனேன். டைரக்டர் அன்பாகத் தோளில் கைபோட்டார். "இது நம்ம நிறுவனம் தம்பி. எல்லாருமே மாசம் கொஞ்சம் நிறுவனத்துக்குக் கொடுக்கிறோம். நாளைக்கு புராஜெக்ட் இல்லைன்னாலும் இதுதான் நம்மளக் காப்பாத்தும்."

நம்பினேன். பெருமையாகக்கூட இருந்தது. 23 வயதில் அப்படித்தான் இருக்கும்.

இரண்டு வருடம் கழித்துக் கணக்கு வேலையில் உதவிக்கு உட்கார்த்தி வைத்தார்கள். அப்போதுதான் அந்த இரண்டாயிரங்கள் எங்கே போகின்றன என்று பார்த்தேன். கதையில் வருகிற மாதிரி எல்லாம் காராகவும் பங்களாவாகவும் மாறியிருக்கும் என்று நீங்கள் நினைத்தால், இல்லை. பெரும்பகுதி அலுவலக வாடகைக்குப் போயிருந்தது. கரண்ட் பில், வாட்ச்மேன் சம்பளம், ஆடிட்டர் ஃபீஸ், அப்புறம் அக்கவுண்டன்ட் சம்பளம். பணம் கொடுத்த வெளிநாட்டுக்காரர்களின் பட்ஜெட்டில் வலைக்கும் படகுக்கும் கவுன்சிலிங்குக்கும் இடம் இருந்தது, இதற்கெல்லாம் இடம் இல்லை. எனவே எங்கள் சம்பளத்தை ஏற்றிக் காட்டி, திருப்பி வாங்கி, அதில் வாடகை கட்டினார்கள். மிச்சம் கொஞ்சம் டைரக்டர் மகனின் இன்ஜினியரிங் காலேஜ் ஃபீஸுக்கும் போயிருந்தது. அதையும் பார்த்தேன். வாடகைக்கென்று திறந்த ஓட்டை வழியாகத்தான் ஃபீஸும் போனது. கணக்கில் இல்லாத காசுக்கு யாரிடம் கணக்கு கேட்பது?

இந்தத் துறையில் கொஞ்ச காலம் இருந்த யாரிடமும் கேட்டுப் பாருங்கள், கையெழுத்து ஒரு தொகைக்கு, கைக்கு வருவது ஒரு தொகை என்ற கதை அவர்களிடமும் இருக்கும். இப்போது சம்பளம் வங்கியில் போடுவதால் நின்றுவிட்டது என்பார்கள். எங்கே நின்றது? வங்கியில் வந்ததை எடுத்து, "நன்கொடை" ரசீது வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்கிறார்கள். அதற்கு வருமான வரிச் சலுகை வேறு உண்டு என்று ஆறுதல். வரியே கட்டாத சம்பளத்துக்கு என்ன சலுகை!

2011இல் அங்கிருந்து விலகினேன். வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் ஆறு வருடத்துக்குப் பணிக்கொடை வந்திருக்க வேண்டும். பொன்னாடையும் ஒரு சுவர்க் கடிகாரமும் வந்தன. இத்தனைக்கும் அந்த ஆறு வருடமும் மகளிர் குழுக்களுக்கு நாங்கள் எடுத்த வகுப்பில் குறைந்தபட்சக் கூலி, பேறுகால விடுப்பு, பி.எஃப். எல்லாம் உண்டு. சார்ட் பேப்பரில் அழகாக எழுதியதே நான்தான். அலுவலகத்தில் சமைத்த அம்மாவுக்கு அந்தக் குறைந்தபட்சக் கூலி கிடையாது என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அந்த அம்மாவும் எதுவும் கேட்டதில்லை.

பிறகு சின்ன டிரஸ்ட் ஒன்றை நடத்தும் பொறுப்பு எனக்கே வந்தது. இப்போது 11 மையம், மையத்துக்கு ஓர் ஆசிரியை. எல்லோரும் அந்தந்த ஊர்ப் பெண்கள்தான். ஓர் ஒருங்கிணைப்பாளர், ஒரு கணக்காளர், நான். அதிகாரம் என் கைக்கு வந்தால் எல்லாம் நேர்மையாக நடக்கும் என்று நினைத்தேன். நடக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பிரிவுக்கு ப்ரோபோசல் கொடுத்தோம். கம்பெனிப் பெயர் அச்சடித்த 250 ஸ்கூல் பேக் என்ற வரியை மறு பேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். கணக்காளர் சம்பளம் மாதம் 14,000 என்ற வரியைச் சிவப்பில் அடித்துவிட்டார்கள். "நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது சார், ரூல்" என்றார் அந்த அதிகாரி. ரூல் இருப்பது உண்மைதான். ஆனால் அந்த 5 சதவீதம் கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்த ஆகும் பொதுச் செலவுக்கான வரம்பு. வேலை செய்கிற தொண்டு நிறுவனத்துக்குப் போட்ட வரம்பு இல்லை. எடுத்துச் சொன்னேன். "எங்க போர்டு அப்படிப் பார்க்காது சார்" என்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது.

நான் என்ன செய்தேன்? எங்கள் கணக்காளர் அக்காவை "பயிற்சி ஒருங்கிணைப்பாளர்" என்று எழுதி அனுப்பினேன். உடனே பாஸாகிவிட்டது.

எட்டு மாதம் கழித்து அவர்கள் பார்வையிட வந்தார்கள். வடை, டீ எல்லாம் ஆயிற்று. வந்திருந்த இளம்பெண் ஃபைலைப் புரட்டி, "உங்க டிரெய்னிங் கோஆர்டினேட்டரை மீட் பண்ணலாமா?" என்றார். அக்கா அப்போது கணக்கு எழுதும் டேலி மென்பொருளில் வவுச்சர் ஏற்றிக்கொண்டிருந்தார். விரலில் மை. என்ன பயிற்சி கொடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு அக்கா என்னைப் பார்த்தார். பிறகு, "பில்லு எப்படி வாங்கணும், வரவு செலவு நோட்டு எப்படி எழுதணும்னு டீச்சருங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்" என்றார். அது பொய் இல்லை, உண்மையிலேயே சொல்லிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பெண்ணுக்கும் திருப்தி. ஆனால் அவர்கள் போன பிறகு அக்கா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில்தான் கேட்டார்: "நான் பாக்குற வேலைய வெளிய சொன்னா கேவலமா சார்?"

நாகப்பட்டினத்தில் அந்த டைரக்டர் தோளில் கைபோட்டது அன்றைக்கு ஞாபகம் வந்தது. நானும் அதே ஓட்டையைத்தான் வேறு ஸ்க்ரூடிரைவர் வைத்துத் திறந்திருக்கிறேன்.

அந்த அக்கா உண்மையில் என்ன வேலை பார்க்கிறார் தெரியுமா? நன்கொடை கொடுத்த ஒவ்வொருவரின் பான் எண்ணும் வாங்கி, வருமான வரித் துறைக்கு மே 31க்குள் பட்டியல் ஏற்ற வேண்டும். தாமதமானால் ஒரு நாளைக்கு 200 ரூபாய் கட்டணம். ஏற்றினால்தான் கொடுத்தவருக்கு வரிச் சலுகைச் சான்றிதழே வரும். 2020இல் சட்டத்தை மாற்றியதிலிருந்து இந்தச் சலுகைக்கான பதிவை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ரொக்கமாக 2,000க்கு மேல் யாராவது நீட்டினால் இதற்குச் சலுகை கிடைக்காது என்று அவர் மனம் கோணாமல் சொல்ல வேண்டும். வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த வருடமே செலவு செய்தோமா என்று மார்ச்சில் உட்கார்ந்து கூட்டிப் பார்க்க வேண்டும். இது போக தொண்டு நிறுவனங்கள் பதிய வேண்டிய நிதி ஆயோக்கின் தர்பன் தளம், கம்பெனிக் காசு வாங்குவதற்கு சி.எஸ்.ஆர்.-1 பதிவு, பணம் தரும் ஒவ்வொரு டோனருக்கும் தனித்தனி யூ.சி., அதாவது காசு எப்படிச் செலவானது என்ற சான்று. எங்களுக்கே இவ்வளவு. எஃப்.சி.ஆர்.ஏ. உள்ளவர்கள் பாடு தனி. 2020 செப்டம்பரில் வந்த திருத்தத்தில் நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20க்கு இறங்கியது. ஆசிரியர் சம்பளமும் டாக்டர் சம்பளமும் அதில் சேராது, ஆனால் கணக்கு எழுதுகிறவர் சம்பளமும் வாடகையும் போன் பில்லும் சேரும். ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுக் காசை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுப்பதும் அதோடு நின்றது. பெரிய நிறுவனத்திடம் வாங்கிப் பிழைத்த சின்ன நிறுவனங்கள் எத்தனையோ. எனக்குத் தெரிந்தே இரண்டு பேர் கதவைப் பூட்டிவிட்டு, ஒருவர் இன்ஷூரன்ஸுக்கும் ஒருவர் விவசாயத்துக்கும் போய்விட்டார்கள்.

கணக்கு கேட்பது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. டிரஸ்டில் தான் தலைவர், மனைவி பொருளாளர், மச்சான் செயலாளர் என்று வைத்துக்கொண்டு ஊர்க் காசில் வாழ்கிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களை விடாதீர்கள். ஆனால் "சம்பளம் எடுப்பீர்களா" என்ற கேள்விக்கு அந்த ஆட்கள்தான் முதலில் "சேச்சே, ஒரு பைசா எடுக்க மாட்டோம்" என்பார்கள். கேட்பதென்றால் ஆடிட் ரிப்போர்ட்டைக் கேளுங்கள். டிரஸ்டிகள் யார் யார், அவர்களுக்குள் என்ன உறவு என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, எவ்வளவுக்குக் கையெழுத்துப் போடுகிறீர்கள், எவ்வளவு கைக்கு வருகிறது என்று கேளுங்கள். இருபது வருடத்தில் எந்த டோனரும் எங்கள் ஊழியரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் ஊரில் சொல்வார்கள். அளக்கச் சொல்கிறீர்கள், சரி. அளக்கிற ஆளுக்குக் கூலி யார் கொடுப்பது?

தன்னார்வலர்களை வைத்துச் செய்யலாமே என்பார்கள். 2015 வெள்ளத்தில் சென்னையில் அவர்கள் செய்த வேலைக்கு ஈடு இணை இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தைப் புரட்டிப் போட்டபோதும் எங்கெங்கிருந்தோ லாரி லாரியாக வந்தார்கள், மெழுகுவர்த்தியிலிருந்து தார்ப்பாய் வரை. பத்து நாள், பதினைந்து நாள். அப்புறம் அவர்களுக்கும் வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. விழுந்த தென்னைக்கு நிவாரண மனு எழுதி, பட்டா நகல் எடுத்து, வி.ஏ.ஓ. ஆபீசுக்கு ஐந்தாவது தடவையாகக் கூட்டிக்கொண்டு போன வேலை ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நடந்தது. அதைச் செய்தது மாதச் சம்பளக்காரர்கள். யாரும் போட்டோ எடுக்கவில்லை, எடுக்கவும் அதில் ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் அரசாங்கம்கூடத் தன்னார்வலர் என்று பெயர் வைத்தாலும் மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது. அது போதுமா என்பது வேறு சண்டை.

அந்தப் பயிற்சி ஒருங்கிணைப்பாளர் கூத்துக்குப் பிறகு எந்த ப்ரோபோசலிலும் "கணக்காளர் சம்பளம்" என்றே எழுதுகிறேன், அதுவும் மூன்றாவது வரியிலேயே. இரண்டு இடத்தில் பணம் கிடைக்காமல் போய்விட்டது. ஒருவர் மட்டும், திருச்சியில் சின்ன மில் வைத்திருப்பவர், ப்ரோபோசலைப் பார்த்துவிட்டு, "எங்க ஆபீஸ்லயே இந்த வேலைக்கு பதினெட்டு கொடுக்கிறோம், பதினாலுக்கு எப்படி நிக்கிறாங்க?" என்றார். அக்காவிடம் சொன்னேன். பதில் சொல்லாமல் டேலியைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டார். இந்த ஏப்ரலிலிருந்து பதினாறு.

சிங்கப்பூர்க்காரனுக்கு அன்றைக்கு ராத்திரியே போன வருட ஆடிட் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சம்பளப் பக்கத்தில் அடிக்கோடு போட்டு, யார் யாருக்கு எவ்வளவு, என்னுடையது உட்பட. நீலக் குறி விழுந்துவிட்டது. மூன்று நாள் கழித்து பதில் வந்தது.

"மச்சி, ஒரு ஸ்கூல் பேக் என்ன விலை வரும்?"